கேள்வி பதில்: அலுவலகத்தில் ஓடிய மென்பொருள் ஆம்பூரில் ஏன் நின்றது?

கேள்வி: தோல் பதனிடும் ஆலைகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் ஆறு பேர் கொண்ட குழு எங்களுடையது. வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்புகள்) பெருகிவிட்டன. போன மாதம் ஆம்பூரில் ஓர் ஆலையில் நிறுவியபோது, எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக ஓடிய மென்பொருள் அங்கே பில் அச்சிடும் இடத்தில் நின்றுவிட்டது. லைப்ரரிகளை நிர்வகிக்க நாங்களே ஓர் அமைப்பை வடிவமைக்கலாமா? ஐயா விளக்க வேண்டுகிறேன்.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வடிவமைக்கலாம், ஆனால் எதை நீங்களே செய்வது, எதை ஏற்கெனவே உள்ள கருவியிடம் விடுவது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரை, '2.3 அல்லது அதற்கு மேல்' என்பதுபோல் வரம்பை மட்டும் எழுதிவைத்திருக்கிறீர்கள் என்றும், இடையில் வெளிவந்த புதிய பதிப்பு ஆம்பூரில் நிறுவிய அன்று இறங்கிவிட்டது என்றும் தோன்றுகிறது. உங்கள் வாடிக்கையாளரின் ஆலையிலேயே இதற்கு வழி இருக்கிறது. எந்த லாட் தோல் எந்த டிரம்மில் ஏறியது, எந்தச் சரக்கில் வந்த குரோம் (தோலைப் பதனிடும் உப்பு) எத்தனை கிலோ சேர்ந்தது என்று குறித்துவைத்தால்தான், பிறகு நிறம் மாறும்போது காரணத்தைத் தேடிப் பிடிக்க முடியும். 'நல்ல குரோம் போடு' என்ற சொல் மட்டும் அதற்குப் போதாது.

ஆகவே இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்றில் உங்கள் விருப்பம் இருக்கும்: இந்த லைப்ரரி, இந்த வரம்பு. மற்றொன்று, லாக் ஃபைல் (lock file, பூட்டுக் கோப்பு) என்று நாம் சொல்வது, முடிவைப் பதிவுசெய்யும்: லைப்ரரியின் பெயர், 2.3.7 என்ற துல்லியமான பதிப்பு, அதன் கோப்பிலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற ஷா-256 (SHA-256) ஹாஷ். அந்த ஹாஷ் 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி. கோப்பில் ஒரேயொரு எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறு வரி கிடைக்கும். நீங்கள் நேரடியாகக் கேட்ட லைப்ரரிகளோடு, அவை தம் பங்குக்கு இழுத்துவரும் லைப்ரரிகளும் இதில் இருக்க வேண்டும். பெரும்பாலான கோளாறுகள் அந்த இரண்டாம் அடுக்கில்தான் ஒளிந்திருக்கின்றன. லாக் ஃபைலை மூலநிரலோடு சேர்த்தே, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் வையுங்கள். இதைச் செய்யாத குழு வேறு எதைச் செய்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

நீங்களே எழுத வேண்டாம் என்று நான் கேட்டுக்கொள்ளும் பகுதி, பதிப்புகளைத் தேர்ந்தெடுக்கும் ரிசால்வர். பில் அச்சிடும் லைப்ரரிக்கு, தேதிகளைக் கையாளும் ஒரு லைப்ரரியின் 1-ஆம் வரிசைப் பதிப்பு தேவை என்றும், எக்செல் கோப்பு எழுதும் லைப்ரரிக்கு அதன் 2-ஆம் வரிசை தேவை என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒருசேர வைக்க இயலாத மொழியில், இரண்டுக்கும் பொருந்தும் ஏற்பாட்டைப் பழைய பதிப்புகளிடையே தேட வேண்டும். இந்தத் தேடல், பொதுவான வடிவில், கணினியியலார் 'என்பி-முழுமை' என்று வகைப்படுத்தும் கடினமான கணக்குகளில் ஒன்று. 2018-இல் கோ (Go) என்ற நிரல்மொழிக்காக, அதை உருவாக்கும் குழுவைச் சேர்ந்த ரஸ் காக்ஸ் முன்வைத்த முறை இச்சிக்கலை வேறு வழியில் தவிர்க்கிறது: ஒவ்வொருவரும் கேட்கும் குறைந்தபட்சப் பதிப்புகளுள் உயர்ந்ததையே எடுப்பது, அதற்கு மேல் போகாமலிருப்பது. புதிய பதிப்பு வெளிவந்தது என்பதற்காக மட்டும் முடிவு மாறாது என்பதால் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீங்களே கட்ட வேண்டியது, லைப்ரரிகளின் நகல்களை உங்களிடமே சேமித்துவைக்கும் உள்களஞ்சியம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து (npm) நீக்கியதும், பரவலாகப் பயன்படும் பேபெல் என்ற நிரல்மாற்றுக் கருவி உட்பட அதைச் சார்ந்திருந்த ஏராளமான மென்பொருள்களின் நிறுவல் உலகெங்கும் நின்றது. பயன்படுத்தும் ஒவ்வொரு பதிப்பின் நகலும் உங்கள் வட்டில் இருந்தால் அந்த நிலை உங்களுக்கு வராது. உங்கள் சொந்த லைப்ரரிகளின் பெயர்களை உள்களஞ்சியத்தில் மட்டுமே தேடும்படி கட்டாயம் அமையுங்கள். பெரிய நிறுவனங்களின் உள்பெயர்களையே பொதுக் களஞ்சியத்தில் உயர்ந்த பதிப்பு எண்ணோடு ஏற்றி, அவற்றின் கணினிகளை அதை இறக்கிக்கொள்ளச் செய்ய முடியும் என்று 2021-இல் ஓர் ஆய்வாளர் நிரூபித்துக் காட்டினார்.

பதிப்புகளை உறையவைத்தபின் அப்படியே மறந்துவிடுவதும் ஆபத்துதான். 2021 டிசம்பரில், ஜாவா மென்பொருள்கள் தம் நிகழ்வுக்குறிப்புகளை எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே (Log4j) லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, 'அது நம்மிடம் இருக்கிறதா?' என்பதற்கே பலரால் பதில் சொல்ல முடியவில்லை. லாக் ஃபைல் வைத்திருப்பவர் ஒரு தேடலில் சொல்லிவிடுவார். மாதம் ஒரு நாள் ஒதுக்கி, ஒவ்வொரு லைப்ரரியாக உயர்த்தி, பில் அச்சிட்டுப் பார்த்து, பிறகு லாக் ஃபைலைப் பதிவுசெய்யுங்கள். அடுத்த முறை ஆம்பூர் செல்லும்போது, லாக் ஃபைலில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பென் டிரைவில் எடுத்துச் சென்று, இணைய இணைப்பைத் துண்டித்த நிலையில் நிறுவிப் பாருங்கள். ஏதேனும் ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்று கருவி சொன்னால், அதன் பெயரைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.