காலி என்றால் காலி இல்லை!

கேள்வி: திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி இலங்கை போகிறோம். நான்கு பேர், ஒன்பது நாள். கார் வைக்காமல் பஸ்ஸிலேயே சுற்ற முடியுமா? தமிழ் மட்டும் போதுமா?
- வாசகி, செங்கோட்டை

பதில்: தாராளமாக முடியும். பஸ் போர்டில் பெரும்பாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். ஏமாற்றுவது கண்டக்டரின் கூவல்தான். 'நுவர, நுவர' என்று கூவினால் நுவரெலியா என்று நினைத்து ஏறிவிடாதீர்கள், அது கண்டி பஸ். கண்டிக்குச் சிங்களத்தில் மஹநுவர, பேச்சில் வெறும் நுவர. 'யாப்பனய' என்றால் யாழ்ப்பாணம். 'காலி' போர்டைப் பார்த்து, சீட் இருக்கிறதென்றும் ஓட வேண்டாம். காலி தெற்கே ஓர் ஊர்! எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது: கொழும்பு-கண்டி 1, கொழும்பு-காலி 2, கட்டுநாயக்க விமான நிலையம்-கொழும்பு 187.

கொழும்பில் வெளியூர் பஸ் ஏறும் இடம் புறக்கோட்டை, கொழும்பு கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். களியக்காவிளை மாதிரி ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காது. அரசு பஸ்ஸுக்கு ஓர் இடம், தனியாருக்கு வேறு. காலிக்கு அவசரமென்றால் 138 எண் பஸ்ஸில் மாகும்புர பஸ் நிலையம் போய், அங்கே அதிவேகப் பாதை பஸ் ஏறுங்கள். அதில் நின்றுகொண்டு பயணம் கிடையாது.

விமான நிலையத்தில் பணம் மாற்றும்போதே 5000 ரூபாய்த் தாளை 100, 50 ஆக உடைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பெரிய தாளை நீட்டினால் இறங்கும்வரை மீதிக்காகக் கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய பெட்டி சீட்டை அடைத்தால் அதற்கும் காசு கேட்பார்கள். முன்வரிசைச் சீட் மதகுருமாருக்கு, ஒரு பிக்கு ஏறினால் எழுந்துவிடுங்கள். பௌர்ணமி 'போயா' விடுமுறை. அது வார இறுதியை ஒட்டி வந்தால் நெரிசல் சொல்லி மாளாது.

கேள்வி: 'எல்ல' என்கிற மலையூருக்குப் போகும் ரயிலில் டிக்கெட்டே கிடைப்பதில்லையாமே?
- வாசகர், புளியரை

பதில்: முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், சுற்றுலாக் காலத்தில் விறுவிறுவென்று தீரும். கிடைக்காவிட்டால் முன்பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு இருக்கிறது. பயண நாளன்று கவுண்டரில் வாங்கலாம். ஆனால் வண்டி புறப்படுகிற இடத்திலேயே ஏறுங்கள். கொழும்பிலிருந்து வரும் வண்டியைக் கண்டியில் பிடித்தால் நின்றே போகவேண்டியதுதான். இன்னொன்று, எல்ல வழியாகப் பதுளை போகும் சில வண்டிகள் கண்டிக்குள் நுழையாமல் பேராதனைச் சந்தியிலிருந்தே மலையேறிவிடும். கண்டியில் தங்கியிருந்தால் உங்கள் வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று முதல் நாளே கேளுங்கள். நுவரெலியாவுக்கு ஸ்டேஷன் கிடையாது. நானுஓயாவில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

நம் கழுதுருட்டி 13 கண் பாலம் பார்த்தவர்களுக்கு, எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள 9 கண் பாலம் உறவுக்காரன் மாதிரி தெரியும். டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வெளிவாசலில் வாங்கிக்கொள்வார்கள். அடைமழை நாளில் மண்சரிவால் பாதை மூடலாம், ஒரு நாள் கையில் வையுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து நயினாதீவுக் கோயிலுக்கு?
- வாசகர், பாறசாலை

பதில்: பஸ்ஸில் குறிகட்டுவான் இறங்குதுறை, அங்கிருந்து படகில் கால் மணி நேரம் போல. நெடுந்தீவுக்கும் அங்கேதான் ஏற வேண்டும். சுமார் ஒரு மணி நேரம், படகுகளும் குறைவு. கரை இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேட்டு வையுங்கள், கோயில் அப்புறம்.