பழைய ஸ்கிரீன்சேவர்: மூலநிரலைத் திருத்துவதா, புதிதாக எழுதுவதா?

கேள்வி: விஷுவல் சி++ 6.0-ல் 1999-ம் ஆண்டு எழுதிய ஸ்கிரீன்சேவர் ஒன்றின் மூலநிரல் பழைய சிடியில் கிடைத்தது. கூடவே இருந்த எஸ்சிஆர் கோப்பு (ஸ்கிரீன்சேவரின் ஓடும் வடிவம்) விண்டோஸ் 11-லும் ஓடுகிறது. ஆனால் உருவங்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் பறக்கின்றன. இரண்டாவது மானிட்டர் கருப்பாகவே இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் படம் வரைவதே நின்றுவிடுகிறது. 64-பிட்டுக்கு மாற்றினால் எச்சரிக்கைகள் குவிகின்றன. திருத்தலாமா, மொத்தமாகப் புதிதாக எழுதிவிடலாமா?

பதில்: திருத்துங்கள். ஸ்கிரீன்சேவரின் உயிர் அதன் வரையும் பகுதியில் இருக்கிறது: எந்த உருவம் எங்கே வளைகிறது, நிறம் எப்போது மாறுகிறது என்ற கணக்குகள். அவை பழசாவதே இல்லை. அந்தக் கணக்கு விண்டோஸோடு பேசும் சில இடங்கள்தான் பழசாகியிருக்கின்றன. நீங்கள் சொல்லும் நான்கு கோளாறுகளும் அங்கேதான் இருக்கின்றன. புதிதாக எழுதினால் கோளாறு போகும், பழைய அசைவின் அழகும் கூடவே போய்விடும்.

எதையும் தொடுவதற்கு முன் நிரலை அப்படியே, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட்டில் சேர்த்துவிடுங்கள். பழைய புராஜெக்ட் கோப்போடு மல்லுக்கட்ட வேண்டாம். விஷுவல் ஸ்டுடியோவில் காலியான புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, மூலக் கோப்புகளையும் ரிசோர்ஸ் கோப்பையும் அதில் சேருங்கள். புதிய புராஜெக்ட் யூனிகோடில் தொடங்கும். அந்தக் கால நிரல் பெரும்பாலும் ஆன்சி என்ற பழைய எழுத்துமுறையில் இருக்கும். விண்டோஸ் எஸ்டிகேயில் (நிரலாளர்களுக்கான கருவித் தொகுப்பு) ஸ்கிரீன்சேவர் நூலகம் இரண்டுக்கும் தனித்தனியாக இருப்பதால், பொருந்தாததை இணைத்தால் லிங்கர் பிழை வரும். முதல் கட்டத்தில் எழுத்து அமைப்பை மல்டி-பைட் என்று வைத்து, 32-பிட்டில் பில்ட் செய்யுங்கள். எஃப்5 அழுத்தினால் அமைப்புப் பெட்டி மட்டும் வந்து நிற்கிறதா? அது பிழையல்ல. ஆர்க்யுமென்ட் (தொடங்கும்போது தரும் கட்டளைக் குறிப்பு) எதுவும் தராவிட்டால் ஸ்கிரீன்சேவர் அப்படித்தான் நடந்துகொள்ளும். டீபக் (பிழைதேடும்) அமைப்பில் சாய்கோடும் எஸ் என்ற ஆங்கில எழுத்தும் கொடுத்தால் முழுத்திரையில் ஓடும்.

இனி, வரைவது நின்றுபோகும் சிக்கல். இதுதான் நான்கிலும் முக்கியமானது. பேனா, பிரஷ், பிட்மேப் போன்ற ஜிடிஐ (விண்டோஸின் வரையும் பகுதி) பொருள்களை ஒரு புராசஸ் இயல்பாக 10,000 வரைதான் வைத்திருக்கலாம். நிறம் மாறும்போதெல்லாம், அதாவது நொடிக்கு ஒருமுறை, ஒரு பிரஷ் உருவாக்கி அழிக்காமல் விட்டால் 10,000 நொடியில், கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிடத்தில், எல்லை வந்துவிடும். அதன்பின் பிரஷ் கேட்டால் வெற்றுக் கைப்பிடிதான், அதாவது எந்தப் பொருளையும் குறிக்காத எண்தான், கிடைக்கும். உங்கள் 'இரண்டு மூன்று மணி நேரம்' இதையே காட்டுகிறது. டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்' என்ற பத்தியைச் சேர்த்துக்கொண்டு, ஸ்கிரீன்சேவர் அமைப்பில் தெரியும் சிறிய முன்னோட்டத்தை ஓடவிட்டுப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு உறுதி.

அழிக்கும் வரி நிரலில் இருந்தாலும் கசியலாம். டிவைஸ் கான்டெக்ஸ்டில் (வரையும் பரப்பையும் அதற்கான பேனா, பிரஷையும் குறித்துவைக்கும் அமைப்பு) இன்னும் தேர்வாகியிருக்கும் பிரஷை அழிக்கச் சொன்னால் அழியாது. பழைய பிரஷைத் திரும்பத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகே உங்களுடையதை அழிக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, பொருள்களைத் தொடக்கத்தில் ஒருமுறை உருவாக்கி, ஜன்னல் மூடும்போது அழிப்பது.

வேகத்துக்கு வருவோம். ஒவ்வொரு சுற்றிலும் 3 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருப்பார்கள். அன்றைய கணினி மெதுவாகச் சுற்றியது. இன்றைய கணினி நிற்காமல் சுற்றுகிறது. சுற்றுக்கு இவ்வளவு என்பதை நொடிக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள். விண்டோஸின் உயர்துல்லிய கவுன்டரில் இரண்டு சுற்றுக்கு இடையே கழிந்த நேரத்தை எடுத்து, வேகத்தோடு பெருக்குங்கள். இடத்தைக் குறிக்கும் மாறிகள் முழு எண்ணாக இருந்தால் அவற்றையும் தசம எண்ணாக்குங்கள். நொடிக்கு 20 பிக்சல் நகரும் உருவம், நொடிக்கு 60 சுற்றில் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பிக்சல்தான் நகரும். முழு எண்ணில் அது பூஜ்யமாகி உருவம் அசையாமல் நின்றுவிடும். ஸ்லீப்பிலிருந்து கணினி விழிக்கும்போது கழிந்த நேரம் மிகப் பெரிதாக வரும் என்பதால், 0.1 நொடியைத் தாண்டினால் 0.1 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைத் திரை அகலத்தின் பங்காக எழுதினால் இன்னும் நல்லது. 640 பிக்சல் திரைக்கு எழுதியது 3840 பிக்சல் திரையில் ஊர்ந்து போகும்.

இரண்டாவது மானிட்டர் கருப்பாக இருப்பதன் காரணம் எளிது. நூலகம் உருவாக்கும் ஜன்னல் எல்லா மானிட்டரையும் மூடுகிறது. நிரலோ முதன்மைத் திரையின் அளவை மட்டும் கேட்டு, அதற்குள்ளேயே வரைகிறது. ஜன்னலின் உள்ளளவைக் கேளுங்கள், முன்னோட்டமும் சேர்த்துச் சரியாகும். ஆனால் காட்சி இரண்டு திரையிலும் நீண்டு பரவுவது எனக்குப் பிடிப்பதில்லை. மானிட்டர்களை வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் காட்சி வரைவதே அழகு. முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இருக்கும் மானிட்டரின் ஆயங்கள் எதிர்மறையில் வரும். அவற்றிலிருந்து மொத்தத் திரைப்பரப்பின் தொடக்கப் புள்ளியைக் கழித்துக்கொள்ளுங்கள். நிரலோடு சேரும் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில், திரையின் பிக்சல் அடர்த்தியை நிரலே கவனித்துக்கொள்ளும் என்ற டிபிஐ அறிவிப்பையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் படத்தை இழுத்துப் பெரிதாக்கி மங்கலாக்கும்.

64-பிட்டுக்கு அவசரமில்லை, 32-பிட் எஸ்சிஆர் இன்னும் நன்றாகவே ஓடும். மாற்றுவதானால் சி4311, சி4312 என்ற எச்சரிக்கைகளை ஒன்றுவிடாமல் பாருங்கள். பாயிண்டரை (நினைவக முகவரி) லாங் மாறிக்குள் திணித்த இடங்களையும், அதிலிருந்து திரும்பப் பாயிண்டராக்கிய இடங்களையும் அவை காட்டுகின்றன. 64-பிட் விண்டோஸிலும் லாங் 32 பிட்தான், ஆகவே முகவரியின் மேல்பாதி வெட்டுப்படும். ஒரு நாள் ஓடும், மறுநாள் கிராஷ் ஆகும். காஸ்ட் (வகைமாற்றம்) போட்டு எச்சரிக்கையை அடக்காதீர்கள். ஜன்னலோடு தகவலைச் சேமிக்கும் பழைய அழைப்புகளை அவற்றின் 'பிடிஆர்' வடிவத்துக்கு மாற்றுங்கள்.

விண்டோஸ் 95 காலத்துக் கடவுச்சொல் பகுதி இருந்தால் தயங்காமல் நீக்குங்கள். பூட்டுவதை இன்று விண்டோஸே பார்த்துக்கொள்கிறது. 256 நிறப் பேலட் (நிற அட்டவணை) பகுதியில் மட்டும் நிதானம் தேவை. பேலட்டைச் சுழற்றியே அசைவு காட்டும் உத்தி அன்று பரவலாக இருந்தது. 32-பிட் நிறத்தில் அதற்கு எந்த விளைவும் இல்லை, ஆனால் அந்தச் சுழற்சிதான் படமே. அதே நிற அட்டவணையை நிரலுக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் நிறங்களை நகர்த்தி நீங்களே வரைந்துவிடுங்கள்.