நீதிபோதனை வகுப்பு திரும்ப வேண்டுமா?

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதிப் பகையால் வெட்டப்பட்ட சம்பவத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். குழு, அறிக்கை, அரசாணை என்று நீங்கள் பேசுகிறீர்கள். நான் வேறு விதமாக நினைக்கிறேன். எங்கள் காலத்தில் வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு இருந்தது. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்போம். இன்று பையன்கள் கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு ஆசிரியரையே முறைக்கிறார்கள். நீதிபோதனையை மீண்டும் கொண்டுவந்து, திருக்குறளை மனத்தில் பதியவைத்து, ஒழுக்கத்துக்கும் மதிப்பெண் தந்தால் நிலைமை மாறும். குடிமையியலை விரிவாக்கலாம் என்கிறீர்கள். அப்படிச் செய்தால் ஆசிரியர்கள் அவரவர் கட்சியை வகுப்பில் புகுத்திவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். உங்கள் கருத்து என்ன? என்னைப் போன்றவர்களால் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கவலைதான் என் கவலையும். ஆனால் மருந்தில் நாம் வேறுபடுகிறோம்.

நீதி வாக்கியங்களுக்கு நம் பள்ளிகளில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. தீண்டாமை பெருங்குற்றம் என்பதைப் பாடநூலின் முன்பக்கத்திலேயே அச்சிட்டுத் தருகிறோம். தமிழ்ப் பாடத்தில் குறள் உண்டு. அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களையும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று 2016இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. குறள் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வினாத்தாளுக்கு வரும்போது அது ‘அடிபிறழாமல் எழுதுக’ என்ற ஒரு வரியாகிவிடுகிறது. கையில் கயிறு கட்டிய மாணவனும் அடிபிறழாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறான். ஒழுக்கத்துக்கு மதிப்பெண் தந்தால், மதிப்பெண் போடுபவருக்குப் பிடித்தபடி நடந்துகொள்ளும் சாமர்த்தியத்தைத்தான் பிள்ளைகள் கற்பார்கள். கேள்வி கேட்கும் பிள்ளைக்கு முதலில் குறையப்போவது அந்த மதிப்பெண்தான். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் என்ன நடந்தது? பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். பிறகு தாயுடன் பள்ளிக்குச் சென்று நடந்ததைச் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து அவரை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அநீதி நேர்ந்தால் உரியவரிடம் முறையிட வேண்டும் என்று நாம் கற்பிக்கிறோமே, அதைத்தான் அந்தப் பிள்ளை செய்தார். முறையிட்டவரைக் காக்கும் ஏற்பாடு பள்ளியிடம் இருக்கவில்லை. அடித்தவர்களுக்கு நீதிபோதனை போதவில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அந்த இடைவெளிதான் கண்ணில் படுகிறது. முறையிட்டதற்கும் வெட்டுப்பட்டதற்கும் இடையே சில மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அந்தப் பள்ளியின் மற்ற பிள்ளைகள் பாடமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்காக அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கயிறு கூடாது, அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும், பெரிய பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. உட்காரும் இடத்தையெல்லாமா ஒரு குழு சொல்ல வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. சொல்லத்தான் வேண்டும். யார் எந்த பெஞ்சில், யார் கையில் துடைப்பம், யார் பெயரைச் சாதியோடு சேர்த்து ஆசிரியர் உச்சரிக்கிறார் என்பதையெல்லாம் ஒரு பிள்ளை வருடத்தில் இருநூறு நாள் பார்க்கிறது. வாரம் நாற்பது நிமிடம் அதற்கு எதிராகப் பேசி என்ன ஆகும்? அந்த நாற்பது நிமிடத்தையும் மார்ச் நெருங்கினால் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிவிடுவார், உங்களுக்குத் தெரியாததல்ல. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நிலையே தொடரும் என்று அமைச்சரே சொல்லிவிட்டார். அதையும் பிள்ளைகள் பார்த்தார்கள்.

இனி குடிமையியல். பத்தாம் வகுப்பில் அரசியலமைப்பு, நடுவண் அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை என்று பாடங்கள் ஓடுகின்றன. முகவுரையை மனப்பாடம் செய்கிறார்கள், அடிப்படை உரிமைகளை எண் போட்டு எழுதுகிறார்கள். அந்த உரிமை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புதான் இல்லை. ஒரு வழக்கை வகுப்புக்குக் கொண்டுபோகலாமே என்று எனக்கு நெடுநாள் ஆசை.

1985 ஜூலையில் கேரளத்தில் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலை வணக்கத்தில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நிற்பார்கள், பாடமாட்டார்கள். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. விசாரித்த குழு, பிள்ளைகள் எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்றது. ஆனாலும் நீக்கினார்கள். உயர் நீதிமன்றமும் கைவிட்டது.

இதுவரை மட்டும் ஒன்பதாம் வகுப்பில் சொல்லி நிறுத்த வேண்டும். நீங்கள் நீதிபதியாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். ‘நாட்டில் இருந்துகொண்டு பாடாவிட்டால் எப்படி?’ என்று பாதி வகுப்பு கொதிக்கும். கொதிக்கட்டும். அப்படிச் சொல்பவனை மடக்காமல், காரணத்தை எழுதித் தரச் சொல்ல வேண்டும். எதிர்ப்பவனிடமும் அதையே கேட்க வேண்டும். அடுத்த வாரம் 1986 ஆகஸ்ட் தீர்ப்பை எடுக்கலாம். யாரும் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, எழுந்து நிற்பதே மரியாதை என்றது உச்ச நீதிமன்றம். பேச்சுரிமையும் மனசாட்சிச் சுதந்திரமும் அந்தப் பிள்ளைகளுக்கும் உண்டு என்றது. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு சகிப்பைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்யக் கூடாது என்று நீதியரசர் சின்னப்ப ரெட்டி எழுதினார். இந்த உரிமைகளைத் தரும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவும் 25ஆவது பிரிவும் அப்போது எண்களாகத் தெரியாது. தன் வயதுப் பிள்ளை ஒருவரைப் பள்ளிக்குத் திரும்பக் கூப்பிட்ட சட்டமாகத் தெரியும். தீர்ப்பை ஏற்காத மாணவனும் இருப்பான். அவன் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

இந்த இடத்தில்தான் கட்சி அரசியல் பற்றிய உங்கள் அச்சத்துக்குப் பதில் இருக்கிறது. நாஜி ஆட்சியில் பள்ளிக்கூடமே கொள்கை பரப்பும் இடமாக மாறியதை அனுபவித்த நாடு ஜெர்மனி. அங்கும் அரசியல் கல்வி குறித்துக் கடும் சண்டை இருந்தது. 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் வெவ்வேறு தரப்புக் கல்வியாளர்கள் கூடிப் பேசினார்கள். அங்கே உருவான உடன்பாடு இன்றும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிறது. மாணவனைத் திணறடித்துத் தன் கருத்துக்கு இழுக்கக் கூடாது. வெளியே சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். தன் நிலைமையையும் நலனையும் தானே ஆராயும் திறனை மாணவன் பெற வேண்டும். இந்த மூன்றையும் நம் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாலே பாதி அச்சம் தீரும். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: தீண்டாமை சரியா தவறா என்பது சர்ச்சை அல்ல. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு அதை முடித்துவைத்துவிட்டது. அங்கே இரு தரப்பும் பேசலாம் என்று ஆசிரியர் ஒதுங்கினால் அது நடுநிலை ஆகாது.

உங்களால் ஆகக்கூடியது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது, ஐயா. ஒன்பதாம் வகுப்பில் உள்ளாட்சி அமைப்புகள் ஒரு பாடம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 2 அதில் ஒன்று. அன்று பள்ளி விடுமுறை. வாக்களிக்கும் வயது இல்லாவிட்டாலும் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் பழைய பள்ளியின் தலைமையாசிரியரிடம் பேசுங்கள், பெற்றோரிடம் அனுமதி வாங்குங்கள், பத்துப் பிள்ளைகளை நீங்களே அழைத்துப் போங்கள். வரவு செலவுக் கணக்கைப் படித்துக் காட்டினார்களா, பெண்கள் பேசினார்களா, எந்தத் தெருவின் குடிநீர்ப் பிரச்சினை தீர்மானத்தில் ஏறியது, எது ஏறவில்லை என்று ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். ஏறாமல் போன தெரு எது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். அந்தக் கட்டுரைகள் எனக்கும் வந்தால் மகிழ்வேன். பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்.