பி.ஃபார்ம் முடிக்கும் மகள் மருந்து ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கடிதம் கிடைத்தது அம்மா. மகளுக்கு பி.ஃபார்ம் கடைசி வருடம்; சொரியாசிஸ் என்ற தோல் நோயில் வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் சிறுமூலக்கூறு மருந்துகளில் ஆராய்ச்சி செய்ய ஆசை. "அந்த வழியில் வந்த மருந்தையே நிறுத்திவிட்டார்களாமே, இவள் அதில் போய் விழ வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்ற மனம் கேட்கத்தான் செய்யும்.

நிறுத்தியது உண்மைதான். ரத்தத்தில் ஓடும் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்து நின்றுதான் தோலுக்குள் இறங்கும். செல்லின் மேலுள்ள எல்எஃப்ஏ-1 என்ற புரதம், சுவரிலுள்ள ஐகேம்-1 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடியைத் தடுக்கும் எஃபாலிசுமாப் என்ற சொரியாசிஸ் ஊசிக்கு 2003-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் உடம்பு முழுக்க எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, சிலருக்கு பிஎம்எல் என்ற கொடிய மூளைத் தொற்று வந்தது. 2009-இல் விலக்கிக்கொண்டார்கள்.

அதே எல்எஃப்ஏ-1-ஐத் தடுக்கும் லிஃபிடெக்ராஸ்ட் என்ற சிறுமூலக்கூறு, 2016-இல் கண் வறட்சிக்குச் சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது. கண்ணிலேயே வேலை செய்யும், ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். தோலில் பூசும் மருந்துக்கும் இதே யோசனை கைகொடுக்குமா என்று தேடுவது நல்ல ஆராய்ச்சிதான்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதன் கைப்பக்குவம். மருந்து அந்தப் பிடியைத் தடுக்கிறதா என்று பார்க்க, ஆய்வகத் தட்டின் குழிகளில் ஐகேம்-1-ஐப் பூசி, ஒளிரும் சாயம் ஏற்றிய செல்களையும் மருந்தையும் விட்டு, பிறகு மெல்லக் கழுவ வேண்டும். கை அவசரப்பட்டால் ஒட்டிய செல்லும் அடித்துக்கொண்டு போய்விடும். ஒன்றுக்கும் உதவாத மருந்து பலித்ததுபோலத் தெரியும். இதைப் பொறுமையாகப் பழகியவளுக்கு, ஒரு மருந்து தோற்றாலும் அடுத்த ஆய்வகத்தில் இடம் இருக்கும்.

சரி, இப்போது எம்.ஃபார்ம் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வான ஜிபேட் எழுதட்டும். தேறி, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.ஃபார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. நைப்பர் என்ற மத்திய அரசின் மருந்துக் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்கும் ஜிபேட் தேர்ச்சி வேண்டும். மூலக்கூறு உருவாக்கப் பிடித்தால் மருந்து வேதியியல், சோதிக்கப் பிடித்தால் மருந்தியல். அப்புறம் பிஎச்.டி.; சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். முடிக்க ஐந்து வருடமாவது கணக்கு வையுங்கள். அதுவரை வீடு தாங்குமா, கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்பதையெல்லாம் இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசாமல் விட்டு, பாதியில் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

சேரும் முன் அந்த ஆய்வகத்துக்கு ஒரு நாள் போய்வரச் சொல்லுங்கள். செல் வளர்ப்பு வசதி இருக்கிறதா, முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அங்கிருக்கும் சீனியர்களிடமே கேட்கட்டும்.