இரண்டு இடைவெளிகளும் மேற்படிந்தால் வித்தியாசம் இல்லையா?

கேள்வி: இரண்டு பயிற்சி முறைகளை ஒப்பிட்டேன். முறைக்கு 100 மாணவர்கள், வெவ்வேறு ஆட்கள். சராசரி மதிப்பெண் 52, 58. 95% நம்பிக்கை இடைவெளி முதலாவதற்கு 48.1 முதல் 55.9, அடுத்ததற்கு 54.1 முதல் 61.9. இரண்டும் மேற்படிவதால் ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதச் சொல்கிறார் என் வழிகாட்டி. எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். படத்தில் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவை தனித்தனிச் சராசரிகளைப் பற்றியவை: ஒவ்வொரு முறையின் உண்மையான சராசரி எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்ற மதிப்பீடு. நீங்கள் கேட்பதோ வித்தியாசத்தை. அதற்கென்று தனியாக ஓர் இடைவெளி போட வேண்டும்.

உங்கள் இடைவெளிகளின் அகலத்திலிருந்து ஒவ்வொரு சராசரியின் திட்டப் பிழையும், அதாவது மாதிரிக்கு மாதிரி அந்தச் சராசரி எவ்வளவு பிசகும் என்பதன் அளவும், 2 என்று தெரிகிறது (95% இடைவெளி சராசரிக்கு இருபுறமும் திட்டப் பிழையின் 1.96 மடங்கு நீளும்: 1.96 × 2 = 3.9). வித்தியாசத்தின் திட்டப் பிழை 2 + 2 = 4 ஆகாது. ஒரு குழுவில் மேலேயும் மற்றதில் கீழேயும் ஒரே நேரத்தில் முழு அளவுக்குப் பிசகுவது அரிது. அதனால்தான் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம்: √8, அதாவது 2.83. இதை 1.96-ஆல் பெருக்கினால் 5.5. வித்தியாசம் 6, அதன் இடைவெளி 0.5 முதல் 11.5 வரை. பூஜ்யம் உள்ளே இல்லை; அதனால் ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுத முடியாது. மேற்படிவதை வைத்தே தீர்ப்புச் சொல்பவர் தன்னை அறியாமல் அந்த 4-ஐப் போட்டுக் கணக்கிடுகிறார்.

இடைவெளிகள் தொடவே இல்லையென்றால் வித்தியாசம் உண்டு என்று தயங்காமல் சொல்லலாம். ஒரே மாணவர்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது ஒவ்வொருவரின் மாற்றத்தையும் எடுத்து, அந்த மாற்றங்களின் சராசரிக்கு இடைவெளி போடுங்கள்.

இன்னொன்று. ‘உண்மையான வித்தியாசம் இதற்குள் இருக்க 95% வாய்ப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். 1937-இல் புள்ளியியலாளர் நெய்மன் இந்த முறையை வகுத்தபோதே, 95% என்பது முறையின் தன்மை என்று தெளிவாக வைத்தார். இதேபோல் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மையான மதிப்பைப் பிடிக்கும். உங்கள் கையில் இருக்கும் இந்த ஒன்று பிடித்திருக்கும், அல்லது தவறவிட்டிருக்கும்.

ஆய்வேட்டில் இப்படிப் போடுங்கள்: ‘இரண்டாம் முறையில் சராசரி 6 மதிப்பெண் கூடுதல் (95% நம்பிக்கை இடைவெளி 0.5 முதல் 11.5).’ கூடவே, கீழ் எல்லை வெறும் அரை மதிப்பெண் என்பதையும் சொல்லிவிடுங்கள். அரை மதிப்பெண்ணுக்காக ஒரு பயிற்சி முறையையே மாற்றலாமா என்று உங்கள் வழிகாட்டி கேட்டால், அது நியாயமான கேள்வி.