இரு மொழி தெரிந்தால் மட்டும் போதுமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கும் உங்கள் மகள் ஆசிரியர் தொழில் வேண்டாம், உரைபெயர்ப்பாளராகவே (ஒருவர் பேசுவதை உடனுக்குடன் வாய்மொழியாக மற்ற மொழியில் சொல்பவராகவே) வருவேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்தவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் இருக்கும்போது இதற்கு யார் சம்பளம் தரப்போகிறார்கள் என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பத்து வயதில் நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைத்தியசாலைக்குப் போயிருக்கிறேன். அவர் "நெஞ்சு கரிக்குது" என்றார்; நான் அதை நெஞ்சு வலி என்று சிங்களத்தில் சொன்னேன். அன்று முழுவதும் அவருக்கு இருதயப் பரிசோதனைகளே நடந்தன. இரண்டு மொழியும் எனக்குச் சரளமாகத்தான் வந்தன. ஆனால் ஒரு சொல் தவறினால் அடுத்தவரின் உடம்புக்கு என்ன நேரும் என்ற பொறுப்பை எனக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. அந்தப் பொறுப்புக்கும் அதற்கான பயிற்சிக்கும்தான் ஐயா சம்பளம்.

நம் மலையகத்தின் வரலாறே இந்தத் தொழிலின் கனத்தைக் காட்டும். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியருக்குக் கையளித்த உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. அதற்கு முன்னர் பல ஆண்டுகளாகக் கண்டிப் பிரதானிகளுடன் சிங்களத்தில் தொடர்பு வைத்து, அரசவையின் மனநிலையை அறிந்து வந்த ஜோன் டொயிலி, அரசாங்கத்தின் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஆளுநரின் தலைமை உரைபெயர்ப்பாளர் மகா முதலியார் என்ற பட்டம் தாங்கினார். நீதிமன்ற உரைபெயர்ப்பாளரை இன்றும் முதலியார் என்றே அழைக்கிறார்கள். இன்னும் பின்னோக்கிச் சென்றால், சீனக் கடற்தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டுக் காலியில் நிறுவிய கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்றே. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் அவை சொல்லப்பட்டிருக்கின்றன. கேட்பவர் யார் என்று அறிந்த ஒருவரின் வேலை அது.

நீதிமன்றத்தின் மொழி தெரியாத வழக்காளிக்கு அரச செலவில் சிங்களத்திலோ தமிழிலோ உரைபெயர்ப்புப் பெறும் உரிமையை நமது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. அந்த உரிமை ஏட்டிலிருந்து இறங்கி ஒரு தோட்டத் தொழிலாளியின் காதுக்கு எட்ட, நடுவில் உங்கள் மகளைப் போன்ற ஒருவர் நிற்க வேண்டும். நம் பிள்ளைகள் இந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

களனி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மொழிபெயர்ப்புக் கற்கைகளைப் பட்டத்துக்காகப் பயிலலாம். அரச திணைக்களங்களின் மொழிபெயர்ப்பாளர் பதவிகளுக்கும் நீதிமன்றப் பதவிகளுக்கும் போட்டிப் பரீட்சைகள் வர்த்தமானியில் அறிவிக்கப்படும். தகைமைகள் மாறக்கூடும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவித்தலையே நம்புங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிவு பெற்றால் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்ற ஆவணங்களைச் சொந்தமாகவே மொழிபெயர்த்து வருமானம் ஈட்டலாம். மகளின் பேச்சுச் சிங்களம் போதாது. எழுத்துச் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இப்போதே பலப்படுத்த வேண்டும். தமிழையும்தான், தாய்மொழியில் சொல் வறுமை உள்ளவர் இந்தத் தொழிலில் நிலைக்க மாட்டார்.

முடிவெடுக்கும் முன், பாடசாலை விடுமுறையில் ஒரு நாள் மகளை அருகிலுள்ள நீதவான் நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று, பொதுமக்கள் இருக்கையில் அமர்ந்து முதலியாரை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில் மகள் என்ன சொல்கிறார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.