சி. எஸ். லூயிஸின் நார்னியா சிறுவர் கதை வரிசையில் முதலில் வந்த புத்தகம் (The Lion, the Witch and the Wardrobe) எனக்குப் பாதிதான் பிடித்தது. கோளாறு என்னிடமா?

உங்களிடம் இல்லை. இருந்தால் எனக்கும் இருக்கிறது. நீங்களும் வளர்ந்த பிறகுதான் படித்திருப்பீர்கள். சிறுவயதில் படித்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள், சண்டைக்குத்தான் வருவார்கள்.

எட்டு வயது மகளுக்கு இரவு ஓர் அத்தியாயம் வீதம், ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிவந்தேன். துணி அலமாரிக்குள் கோட்டுகளை விலக்கிக்கொண்டு நார்னியா என்ற மாய உலகத்துக்குள் போய்விடும் சிறுமி லூசியின் காலடியில் பனி நொறுங்குகிறதே, அந்த இடத்தில் லூயிஸுக்கு ஒரு கும்பிடு. நடுக்காட்டில் விளக்குக் கம்பம் எரிவதை மகள் இரண்டு முறை சொல்லச் சொன்னாள். நான் வாங்கிய தொகுப்பில் 1955-இல் வந்த முன்கதைக்குத்தான் ஒன்றாம் எண். அதை முதலில் படித்தால் கம்பம் வந்த ரகசியம் முன்பே தெரிந்துவிடும். யார் யோசனையோ!

தொகுப்பை விலைக்கு வாங்கியதே வயிற்றெரிச்சல். எங்கள் பகுதி நூலகத்தில் சிறுவர் அலமாரிக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் மூன்று மணிக்குப் போய்விடுவார். பள்ளி விடுவது நான்கு மணிக்கு. மனு கொடுத்தும் பார்த்துவிட்டேன். போகட்டும்.

லூசியின் அண்ணன் எட்மண்டுக்குச் சூனியக்காரி கொடுத்து மயக்கும் டர்கிஷ் டிலைட் என்ற மிட்டாயை அல்வா என்று சொல்லிச் சமாளித்தேன். "அல்வாவுக்காகவா கூடப்பிறந்தவர்களைக் காட்டிக்கொடுத்தான்?" என்றாள். சூனியக்காரி இரண்டு அர்த்தத்திலும் அல்வா கொடுத்தாள் என்பதை எட்டு வயதுக்கு எப்படி விளக்குவது? புத்தகம் வந்த 1950-இல் இங்கிலாந்தில் மிட்டாய்க்கு ரேஷன், 1953-இல்தான் நீங்கியது. இது தெரிந்த பிறகு எட்மண்ட் மீது எனக்குக் கோபமில்லை.

கோபமெல்லாம் கதையில் வரும் கிறிஸ்துமஸ் தாத்தா மீதுதான். மூத்த அண்ணன் பீட்டருக்கு வாள் கொடுக்கிறார். தனக்கும் தைரியம் உண்டு என்கிறாள் லூசி. பெண்கள் சண்டையிட்டால் போர் அசிங்கமாகிவிடும் என்கிறார் இவர். அந்த வரியை மகளிடம் சொல்லாமல் அப்படியே விழுங்கிவிட்டேன்.

அந்தக் காலத்து எழுத்தை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்காதே என்று யாராவது வருவீர்கள். நிறுக்கவில்லை ஐயா. இரவு பத்து மணிக்கு மகளிடம் வழக்காடத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து அவளே ஆங்கிலத்தில் படித்தாள். "அப்பா, இந்த வரியை நீ சொல்லவே இல்லையே?" மறந்திருப்பேன் என்றேன். "தாத்தா என்ன, எந்தப் போருக்குப் போனாராம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டாள். வரி அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இப்போது தம்பிக்கு நான் எதைப் படித்துச் சொன்னாலும், பக்கத்தில் வந்து உட்கார்ந்து வரிவரியாகச் சரிபார்க்கிறாள்.